இடரிற் பிறந்த மகவும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மழலையின் இனிமையைப் புலவர் பெருமக்கள் பாடியிருப்பதை இம்மேடையில் ஆண்டுதோறும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று அம்மழலை தோன்றுமுன்னரே அதனைப் பறிக்க வரும் இடர்களைப் பற்றிச் சில சொற்கள் பேச விழைகிறோம். யாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடு எழுதி வருகிறோம். மருத்துவ அறிஞர்கள் எழுதியவற்றைப் படித்தும், அறிந்தோரை வினவியும் தெளிந்தவற்றையே உங்கள்முன் வைக்கிறோம். மருந்து சொல்லுதல் எம் நோக்கமன்று. மருத்துவரிடம் எப்பொழுது செல்லவேண்டும் என்பதைச் சொல்லுதலே நோக்கம்.

இடரிற் பிறந்த மகவு என்பது யாது? நிறைமாதத்திற்குமுன், அதாவது 37 வாரம் நிரம்பாமற் பிறந்த குழந்தை. 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தை. பிறந்தவுடன் அழாமல், மூச்சுத் திணறிய குழந்தை. மஞ்சட்காமாலை கடுமையாகக் கண்ட குழந்தை. முதல் நாள்களில் வலிப்போ, இரத்தத்தில் நச்சுக் கிருமியோ, சர்க்கரைக் குறைவோ நேர்ந்த குழந்தை. இரட்டையராகவோ மூவராகவோ பிறந்தவர். இவர்களையே மருத்துவர்கள் இடர் மிக்க குழந்தைகள் எனத் தனியே குறித்துக்கொள்கின்றனர். இவர்கள் சிலரல்லர். 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்திற் பிறந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் நம் பாரத நாட்டிற் பிறந்தனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். எந்த நாட்டிலும் இத்துணைப் பேர் பிறக்கவில்லை. ஆகவே நம் குடியிருப்பில், நம் தெருவில், நம் உறவில் இத்தகைய குழந்தை ஒன்றேனும் இருத்தல் இயல்பே.

‘இடர்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் நெஞ்சம் துடிக்கிறது. அச்சொல்லின் பொருளை எம் தொழிலிலிருந்தே விளக்குவோம். பாதையிற் பழுது பார்க்கும் வேலை நடந்தாலோ, பெருமழையால் கரை இளகியிருந்தாலோ நிலைய அதிகாரி வண்டி ஓட்டுநரிடம் ‘காஷன் ஆர்டர்’ என்னும் எச்சரிக்கைச் சீட்டைக் கொடுப்பார். இன்ன கிலோமீட்டர் முதல் இன்ன கிலோமீட்டர் வரை இன்ன வேகத்தில் விழிப்புடன் செல்க என்பது அதில் எழுதியிருக்கும். வண்டி கவிழ்ந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. பயணத்தை நிறுத்துக என்பதும் பொருளன்று. சீட்டைப் பெற்ற வண்டிகளிற் பெரும்பாலானவை ஊர் போய்ச் சேருகின்றன. விழிப்புடன் செலுத்துவதாலேயே சேருகின்றன. இடரிற் பிறந்த மகவும் இத்தகைய சீட்டுடன் வந்த மகவே. அவர்களுட் பலர் மற்றக் குழந்தைகளைப்போலவே ஓடி ஆடிப் படித்து வளர்கின்றனர். சிலர்க்குக் கைகால் விறைப்போ, செவிக்குறையோ, பார்வைக் குறையோ, அறிவு வளர்ச்சியில் தாமதமோ ஏற்படுகிறது. எவர்க்கு ஏற்படும் என்பதைப் பிறந்த அன்றே சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. கவனித்தே அறிதல் வேண்டும்.

இனி, ஊறு எவ்வாறு நேர்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். தாய் வயிற்றில் குழந்தையின் மூளை கடைசி மூன்று மாதங்களிலேதான் பெருவேகத்துடன் வளர்கிறது. மூளையின் மேற்பரப்பில் காணும் மடிப்புக்களிற் பெரும்பாலானவை அக்காலத்தில் உருவாகின்றன. 34ஆம் வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத மூளையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ‘ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழையாது’ என்று நம் பாட்டிமார் கூறுவதுண்டு. அக்கூற்றிற்கு ஆதாரம் இல்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஊதியமே.

குறைமாதக் குழந்தையின் மூளை நடுவே நீரறைகளின் ஓரத்தில் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் செறிந்துள்ளன. இரத்த ஓட்டம் ஏறி இறங்கும்பொழுது அவை வெடித்துக் கசிதல் உண்டு. அந்நீரறைகளை அடுத்தே கால்களை இயக்கும் நரம்பிழைகள் செல்கின்றன. ஆதலின், குறைமாதக் குழந்தைகளிடம் ஊறு நேர்ந்தால் கைகளைவிடக் கால்களிலேயே விறைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. உச்சிக்குழி மூடாதிருப்பதால் அதன் வழியே ஒலியலைக் கருவியை வைத்து, வலியின்றி மூளையின் படத்தைப் பார்க்கின்றனர். உச்சிக்குழியைக் கண்டு அஞ்சும் தாய்மார்கள், அது மருத்துவர்க்கு ஒரு சாளரமாக உதவுவதை அறிதல் நன்று.

மஞ்சட்காமாலையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலோர்க்குச் சிறிதளவு மஞ்சள் தோன்றி மறையும். ஆனால் அந்த மஞ்சட்பொருள் இரத்தத்தில் அளவு கடந்தால், மூளையின் ஆழ்ந்த பகுதிகளிற் படிந்து அங்குள்ள அணுக்களை அழித்துவிடும். அதன் விளைவு செவிட்டுத் தன்மை. தன்வயமற்ற கைகால் அசைவு. இதற்கு மருந்து கண்ட வரலாறு சுவையானது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ராச்போர்டு மருத்துவமனையில் வார்டு என்னும் செவிலியர், குறைமாதக் குழந்தைகளை இளவெயிலிற் கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருந்ததை அவர் மருத்துவர்க்குக் காட்டினார். அதிலிருந்து நீலவொளி விளக்கின்கீழ்க் குழந்தையைக் கிடத்தும் முறை பிறந்தது. 1958இல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் அவ்விளக்கு எண்ணற்ற மூளைகளைக் காத்து வருகிறது.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் வெயில் காட்டினாற் போதுமே’ என்று எண்ணிவிடலாகாது. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் பரவினாலும், குழந்தை பால் குடியாமற் சோர்ந்தாலும் அந்நாளே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெயிலை நம்பிக் காத்திருத்தலும், சூடு போடுதலும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதலும் மூளையைக் காப்பன அல்ல. சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வழக்கத்தையும் விட்டு, முதல் ஒரு மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுப்பதே குழந்தையின் மூளைக்கு உணவு.

தாய்மார்களே! ஒரு செய்தியை நீங்கள் நெஞ்சில் இருத்த வேண்டும். குழந்தைக்குக் குறை நேர்ந்த வீட்டில் முதற்பழி தாயின்மேல் விழுகிறது. ‘கனமான குடத்தைத் தூக்கினாள்’, ‘கிரகணத்தன்று வெளியே வந்தாள்’, ‘பிரசவத்தில் முக்கவில்லை’ என்றெல்லாம் பேசுகின்றனர். அறிஞர் உலகமும் இவ்வினாவை நெடுநாள் ஆராய்ந்தது. 1861இல் இலண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் மருத்துவர், கடினமான பிரசவமும் குறைமாதப் பிறப்பும் மூச்சுத் திணறலுமே பிள்ளைகளின் கைகால் விறைப்பிற்குக் காரணம் என்று மருத்துவர் கழகத்தில் கட்டுரை படித்தார். நெடுங்காலம் அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கியது. ஆனால், மனநூல் அறிஞராகப் பின்னாளிற் புகழ்பெற்ற பிராய்டு 1897இல் மாறான கருத்தொன்றை வெளியிட்டார். கடினப் பிரசவம் சில வேளைகளிற் காரணமன்று. வயிற்றிலிருக்கும்பொழுதே குழந்தைக்கு நேர்ந்த ஊற்றின் அறிகுறியாகவே அப்பிரசவம் கடினமாகியிருக்கலாம் என்றார். பின்வந்த ஆராய்ச்சிகள், இவ்வகை விறைப்பு நோயிற் சிறு பகுதியே பிரசவ வேளையின் மூச்சுத் திணறலால் நேர்வது என்று காட்டியுள்ளன. தொற்று, நஞ்சுக்கொடியின் குறை, மரபணு, குறைமாதம் எனக் காரணங்கள் பல. பல குழந்தைகளிடம் காரணம் புலப்படுவதே இல்லை. ஆகவே மாமியார் மருமகளையும், கணவர் மனைவியையும், எல்லோரும் சேர்ந்து மருத்துவச்சியையும் பழிப்பதற்கு அறிவு இடம் தரவில்லை. பழியிற் கழியும் நாள்கள் குழந்தையின் பயிற்சிக்கு உரிய நாள்கள்.

மருத்துவம் இத்துறையில் அடைந்த முன்னேற்றம் வியத்தற்குரியது. 1952இல் அமெரிக்க மருத்துவ மாது வர்ஜீனியா அப்கார், பிறந்த குழந்தையின் நாடி, மூச்சு, தசை உறுதி, தூண்டினால் எழும் அசைவு, நிறம் ஆகிய ஐந்திற்கும் தலைக்கு 2 மதிப்பெண் இட்டு, 10க்கு இத்தனை என்று கணிக்கும் முறையை வகுத்தார். உங்கள் குழந்தையின் மருத்துவமனைச் சீட்டில் அவ்வெண் எழுதியிருப்பதைக் காணலாம். அவ்வெண் குறைந்திருந்தாலே குழந்தையின் எதிர்காலம் இருண்டது என்று கொள்ளலாகாது. அப்பொழுது குழந்தைக்கு எத்துணை உதவி தேவை என்பதைக் காட்டும் எண் அது. 1972இல் நியூசிலாந்து நாட்டு அறிஞர் லிக்கின்ஸ், ஹோவி இருவரும், முன்கூட்டியே வலி கண்ட தாய்க்கு ஒரு ஊசி மருந்து இட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை மெய்ப்பித்தனர். ஆகவே ஏழு, எட்டாம் மாதத்தில் வலி கண்டால் ‘பொய் வலி’ என்று வீட்டிற் கிடத்தாமல் உடனே மருத்துவமனை சேர்த்தல் இன்றியமையாதது.

தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978இல் வெப்பப் பெட்டிகள் போதாமையால் ரே என்னும் மருத்துவர் ஒரு வழி கண்டார். குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக, தோலோடு தோலாகக் கட்டி வைத்தார். கங்காரு தன் குட்டியைப் பையிற் சுமப்பதுபோன்றது என்பதால் கங்காரு முறை என்றே அதற்குப் பெயர். தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. பழைய முறையில் வளர்த்தவர்களில் 100க்கு 15.7 பேர் முதல் 28 நாள்களில் இறந்தனர். தாயின் மார்பில் உடனே வைத்தவர்களில் இறந்தோர் 100க்கு 12 பேரே. பொருட்செலவில்லாத மருந்து இது. தந்தையும் பாட்டியும்கூட மார்பில் வைத்துக்கொள்ளலாம்.

மேல்நாட்டில் பயன்பட்டதெல்லாம் இங்கும் பயன்படும் என்று கொள்வதும் பிழை. மூச்சுத் திணறிய குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்வித்து மூளையைக் காக்கும் முறை மேலைநாடுகளில் நற்பயன் தந்தது. அதனை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ஆராய்ந்தனர். 2021இல் வெளிவந்த முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. குளிர்வித்த குழந்தைகளுள் 100க்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். குளிர்விக்காத குழந்தைகளுள் 31 பேர். நம் நாட்டுக் குழந்தைகளிற் பலர்க்கு வயிற்றிலேயே ஊறு தொடங்கிவிடுதல் காரணமாகலாம் என்பர் அறிஞர். இதிலிருந்து கருவுற்ற காலத்திலேயே தாயின் இரத்தச் சோகை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதன் அருமை விளங்குகிறது.

இனி, எம் உரையின் மையமான பகுதிக்கு வருகிறோம். மருத்துவமனையிலிருந்து குழந்தை வீடு வந்தவுடன் நாம் ஆரத்தி எடுத்து, ‘கண்டம் தப்பியது’ என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி நியாயமே. ஆனால் கண்டம் தப்பியது உயிர்க்கு. மூளைக்குரிய காவல் அன்றுதான் தொடங்குகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை அணுக்களுக்கிடையே எண்ணற்ற இணைப்புக்கள் தோன்றுகின்றன. பயன்படும் இணைப்பு உறுதிப்படும், பயன்படாதது தேயும். அழிந்த பகுதியை மீண்டும் முளைக்கச் செய்ய இயலாது. ஆனால் எஞ்சிய பகுதியைப் பழக்க இயலும். அப்பழக்கத்திற்கு ஏற்ற பருவம் இதுவே. மூன்றாம் மாதத்தில் அறிந்ததற்கும் மூன்றாம் வயதில் அறிந்ததற்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேற்றுமை உண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை அரியன அல்ல. முதலில் வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். 32 வாரத்திற் பிறந்த குழந்தை 40 வாரத்திற்கு 8 வாரம் முந்தி வந்தது. அதற்கு ஆறு மாதம் ஆகும்பொழுது நான்கு மாதக் குழந்தையின் செயலையே எதிர்பார்க்கவேண்டும். இரண்டு வயது வரை இக்கணக்கைக் கையாளுவர். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்குவதும் வேண்டா. ‘குறைமாதம்தானே, பின்னால் வரும்’ என்று ஒரே அடியாக விட்டுவிடுவதும் வேண்டா. திருத்திய வயதில் மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரியாமை. ஐந்து மாதமாகியும் தலை நில்லாமை. கட்டை விரலை உள்ளே மடக்கி எந்நேரமும் கை மூடியிருத்தல். குளிப்பாட்டும்பொழுது கால்கள் கத்தரிக்கோல்போற் பின்னி விறைத்தல். ஓர் ஆண்டு நிரம்புமுன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல். ஒன்பது மாதமாகியும் உட்காராமை. ஒலி கேட்டும் திரும்பாமை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். குளிப்பாட்டும் பாட்டியின் கையே முதற் சோதனைக் கருவி. ‘உடம்பு கட்டையாக இருக்கிறதே’ என்று அவர் சொன்னால், அச்சொல்லை அலட்சியம் செய்தல் கூடாது.

ஆஸ்திரிய நாட்டு அறிஞர் பிரெக்டல், குழந்தையைத் தொடாமல், படுத்திருக்கும்பொழுது அதன் இயல்பான அசைவுகளைப் பார்த்தே மூளையின் நலத்தை அறியலாம் என்று காட்டினார். மூன்று மாதமளவில் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் எப்பக்கமும் ஓயாமல் ஓடும் சிற்றசைவுகள் இருந்தால் நல்ல குறி. அவை முற்றும் இல்லாவிடின் உடனே பயிற்சி தொடங்கவேண்டும். நம் அண்டை நாடான கேரளத்தில், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் எளிய அட்டவணை ஒன்றை வகுத்துத் தந்தது. பதினேழே செயல்கள். குழந்தையின் வயதிற்கு நேரே ஒரு பென்சிலை நிறுத்தி வைத்தால், பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட செயல்களையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். செய்யாதது உளதாயின் தாமதம் என்று பொருள். அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களிற் பார்த்துவிடுவார். வண்டிகளின் கால அட்டவணையோடு வாழும் எமக்கு, இதைவிடத் தெளிவான அட்டவணை வேண்டுவதில்லை.

செவியைப் பொறுத்தவரையில் மைசூர் வாழ் தமிழர்களாகிய நாம் நற்பேறு பெற்றவர்கள். 1965இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனம் நம் மானச கங்கோத்திரியில் உள்ளது. பாரத நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நம் நிலையத்தில் வந்து இறங்குகின்றனர். பிறந்த குழந்தைகளில் 1000க்கு 1 முதல் 3 பேர்க்குக் குறிப்பிடத்தக்க செவிக்குறை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடந்த குழந்தைகளிடம் இது பல மடங்கு மிகுதி. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கமும் இடர்ப் பட்டியலில் ஒன்றாக இடம்பெறுகிறது. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு குழலை வைத்து, உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி பதிகிறது. வலியில்லை, சில நிமிட வேலை. இந்நிறுவனத்தார் நகர மருத்துவமனைகளிலும் பிறந்த குழந்தைகளை இவ்வாறு சோதிக்கின்றனர். ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் என்பது உலகோர் ஏற்ற வரம்பு. காமாலை கடுமையாகக் கண்ட குழந்தைக்குச் செவி நரம்பின் வழி மூளைத்தண்டு வரை ஒலி செல்கிறதா எனப் பார்க்கும் சோதனையும் வேண்டும். முதற் சோதனை ஒன்றே போதாது. கண்ணுக்கும் ஒரு கெடு உண்டு. 34 வாரத்திற்குமுன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தையின் விழித்திரையை 30 நாள்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். தவறினால் மீளாக் குருடு நேரலாம்.

வசதி இத்துணை அருகில் இருந்தும் நாம் இழப்பது எங்கே? அன்பர்களே, நம்போன்ற வெளியூர்த் தமிழ்க் குடும்பங்கட்கே உரிய ஓர் இடுக்கு உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு செல்கிறாள். சேலத்திலோ தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ பிள்ளை பிறக்கிறது. ஐந்தாம் மாதம் மைசூருக்குத் திரும்புகிறாள். அங்குள்ள மருத்துவமனை, ‘இங்கே வருவாள்’ என்று காத்திருக்கிறது. இங்குள்ள மருத்துவமனைக்கோ அக்குழந்தை பிறந்ததே தெரியாது. நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் இவ்வாறே நடந்தது. 33ஆம் வாரத்தில் ஒன்றரைக் கிலோ எடையுடன் பிறந்த பெண் குழந்தை. காமாலைக்காக விளக்கின்கீழ் இருந்து தேறியது. செவியை மறுபடி சோதிக்க என்று எழுதிய சீட்டு, வரிசைப் பாத்திரங்களோடு பெட்டியிற் கிடந்தது. குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை. ‘அவள் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று ஆறுதல் கூறினர். பதினான்காம் மாதம், பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வற்புறுத்தி மானச கங்கோத்திரிக்கு அழைத்துச் சென்றார். செவிக்குறை உறுதியாயிற்று. இன்று அக்குழந்தை இரு செவியிலும் கருவி அணிந்துள்ளது. தாய் நாள்தோறும் மடியில் வைத்துப் பேசிப் பழக்குகிறார். சில சொற்கள் வந்துவிட்டன, இன்னும் வரும். ஆயினும் கைநழுவிய அந்தப் பத்து மாதங்களை யார் மீட்டுத் தருவார்?

பார்சல் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சரக்கு எங்கே போகிறதோ, அதன் சீட்டும் உடன் போகவேண்டும். வழியில் வண்டி மாற்றும் நிலையத்தில் சீட்டில்லாத சரக்கு தேங்கிவிடும். சரக்குக்கு உள்ள இந்தக் காப்பு நம் குழந்தைக்கு வேண்டாமா? ஆகவே, சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: தாய்வீடு செல்லும் ஒவ்வொரு பெண்ணுக்கும், வளையலோடும் பூவோடும் சங்கத்தின் சார்பில் ஓர் உறை கொடுப்போம். கருநாடகத்துத் தாயி அட்டை, தமிழ்நாட்டுப் பிக்மி எண், பிறந்த வாரம், எடை, மருத்துவமனையிலிருந்து விடுவித்த சீட்டு, செவி, கண் சோதனை முடிவு, மறுபடி வரச்சொன்ன நாள் ஆகிய அனைத்தும் அவ்வுறையில் இருக்கட்டும். அதன் மேற்புறத்தில் மேற்சொன்ன அறிகுறிகளைத் தமிழில் அச்சிடுவோம்.

இரண்டு: புதிதாக வந்த பெண்கள் பலர்க்குக் கன்னடம் தெரியாது. மருத்துவர் கேட்பது விளங்காமல் தலையாட்டி வந்துவிடுகின்றனர். செலுவாம்பா மருத்துவமனைக்கும் பேச்சு செவிப்புல நிறுவனத்திற்கும் உடன் சென்று மொழித்துணை புரிய, இரு மொழியும் அறிந்த தாய்மார்கள் சிலர் பெயர் கொடுக்கவேண்டும். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின்படி, மாவட்ட அளவில் வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே பார்க்கும் மையங்கள் ஏற்பட்டுள்ளன. அவற்றிற்கு வழிகாட்டுதலும் அவர்கள் பணியாகட்டும்.

மூன்று: எத்துணை முயன்றாலும் சில குழந்தைகட்குக் குறை நிலைத்துவிடும். அவர்களைத் திரைக்குப் பின் வைக்கலாகாது. சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற நிலையங்களிற் பயின்ற பிள்ளைகள், நடக்க இயலாதவர்களும் பேச இயலாதவர்களுமாயினும், படித்துத் தேறித் தம் உரிமைக்குத் தாமே வாதாடும் நிலையை எய்தியுள்ளனர். நம் சங்கத்தின் சிறுவர் போட்டிகளில், நவராத்திரிக் கொலுவில், பொங்கல் விழாவில் அவர்கட்கும் இடம் இருக்கட்டும். சக்கர நாற்காலி ஏறுவதற்கு இம்மண்டபத்துப் படியோரம் ஒரு சாய்தளம் அமைத்தால், அதுவே இவ்வாண்டின் நல்ல திருப்பணியாகும்.

அத்தகைய குழந்தை உள்ள வீட்டிற்குச் செல்லும்பொழுது, ‘ஐயோ பாவம்’ என்று சொல்லாதீர்கள். ‘எந்த ஜன்மத்துப் பாவமோ’ என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, அத்தாய் உண்ணவும் உறங்கவும் உதவுங்கள். குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து பேசுங்கள், கிலுகிலுப்பையை ஆட்டுங்கள், தாலாட்டுங்கள். நீங்கள் செய்வது பொழுதுபோக்கன்று. மூளைக்குச் செய்யும் மருத்துவம்.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு உற்றார் உறவினர் தொலைவிலே இருக்கின்றனர். இங்கே உறவு என்பது நாமே அமைத்துக்கொண்டது. அதற்கு இச்சங்கமே சாட்சி. மொழியைக் காக்கவென்று கூடியவர்கள் நாம். அம்மொழியைப் பேசவேண்டிய நாவையும், கேட்கவேண்டிய செவியையும், எண்ணவேண்டிய மூளையையும் காத்தல் அப்பணியின் முதற்கூறு அன்றோ? அடுத்த ஆண்டு விழாவிற்குள் அவ்வுறை அச்சாகி, நம் பெண்களின் கைகளில் இருக்க வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.